5.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையா? 20 ஜூல் வரம்பு பற்றி ஒரு விவாதம்

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தேனி மாவட்டத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டின் பின்புறம் ஆளுயரக் கருங்கல் மதிலால் சூழப்பட்ட காலி மனை ஒன்று இருக்கிறது. அங்கே குறிப்பலகை வைத்துச் சுடுவதற்காக, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இணையத்தில் விளம்பரம் செய்திருந்த ஒரு விற்பனையாளரிடம் காற்றுத் துப்பாக்கி ஒன்று வாங்கினேன். குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுக்கும் வகையைச் சேர்ந்தது. கூரியரில் வந்தது. ரசீதில் 'விளையாட்டுப் பொருள்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். உரிமம் பற்றி ஒரு சொல்கூட அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சென்ற மாதம் வீட்டுக்கு வந்த என் அக்கா மகன், காவல் துறையில் பணிபுரிபவன், துப்பாக்கியைக் கையில் வாங்கிக் குழலின் அடியில் பொறித்திருந்ததைப் படித்துவிட்டு, "மாமா, இது ஐந்தரை மில்லிமீட்டர் ஆச்சே, இதுக்கு லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வாழ்நாளில் ஒரு போக்குவரத்து அபராதம்கூடக் கட்டாதவன் நான்.

அதன் பிறகு தேடிப் படித்ததில், 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் காற்றுத் துப்பாக்கிக்கு இரண்டு வரம்புகள் வைத்திருப்பது தெரிந்தது. ஒன்று, குழல்முனையில் குண்டுக்கு இருக்கும் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டக் கூடாது. மற்றொன்று, குழலின் உள்விட்டம் 4.5 மி.மீட்டரைத் தாண்டக் கூடாது. என் துப்பாக்கியின் ஆற்றல், விளம்பரத்தில் சொன்னபடி பார்த்தாலும், 15 ஜூலுக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் விட்டத்தால் அது உரிமம் தேவைப்படும் ஆயுதமாகிவிடுகிறது. பக்கத்துத் தெருவில் ஒருவர் 18 ஜூல் ஆற்றலுள்ள 4.5 மி.மீ. துப்பாக்கியை எந்த உரிமமும் இல்லாமல் வைத்திருக்கிறார், அது முற்றிலும் சட்டப்படியானது. ஆபத்தை அளப்பதற்கு ஆற்றல்தான் சரியான அளவுகோல் என்றால், விட்டம் எதற்காக நடுவில் வருகிறது? நான் இப்போது செய்ய வேண்டியது என்ன? இரண்டு கேள்விகளுக்கும் விவரம் அறிந்தவர்கள் விடை சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


நெல்லை வழக்குரைஞர் எழுதியது:

ஐயா, வணக்கம். முதலில் உங்கள் இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதுதான் அவசரமானது.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் மூன்றாவது பிரிவு உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்கிறது. நாற்பத்தொன்றாவது பிரிவு, சில வகை ஆயுதங்களுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. பலரும் நினைப்பது போலக் காற்றுத் துப்பாக்கி சட்டத்துக்கு வெளியே நிற்கும் பொம்மை அன்று. அது சட்டத்தின் எல்லைக்குள் இருந்துகொண்டே, குறிப்பிட்ட அளவுக்குள் இருக்கும்வரை உரிமத்திலிருந்து விலக்குப் பெற்ற ஒன்று. அந்த இரண்டு அளவுகளில் எதைத் தாண்டினாலும் விலக்கு போய்விடுகிறது என்பதே வழக்கமான வாசிப்பு. விலக்கு போன பிறகு, சட்டத்தின் கண்ணில் உங்கள் துப்பாக்கிக்கும் வெடிமருந்தால் இயங்கும் துப்பாக்கிக்கும் இடையே பெரிய வேறுபாடு கிடையாது. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கான தண்டனை குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டுச் சிறையும் அபராதமும் ஆகும். முன்பு அது ஓராண்டு முதல் மூன்று ஆண்டு வரை இருந்தது.

இதைச் சொல்வது உங்களை அச்சுறுத்துவதற்காக அன்று. தயவுசெய்து அதை யாருக்கும் விற்காதீர்கள், பரிசாகவும் கொடுக்காதீர்கள். கிணற்றில் போட்டுவிடலாம் என்று ஒரு நண்பர் நல்லெண்ணத்தோடு சொல்லக்கூடும், அதையும் செய்யாதீர்கள். சட்டத்தின் இருபத்தொன்றாவது பிரிவு, எந்தக் காரணத்தாலாவது வைத்திருப்பது சட்டத்துக்குப் புறம்பாகிவிட்ட ஆயுதத்தைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியிடமோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. உங்கள் ஊரில் குற்ற வழக்கு நடத்தும் வழக்குரைஞர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, வாங்கிய நாள், விற்றவர், செலுத்திய தொகை ஆகியவற்றைக் குறிப்பிடும் கடிதத்தோடும் ரசீதோடும் நேரில் செல்லுங்கள். தானாக முன்வந்து ஒப்படைக்கும் ஒருவரையும், சோதனையில் பிடிபடும் ஒருவரையும் எந்த நீதிமன்றமும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்காது.

உரிமம் பெற்று அதையே வைத்துக்கொள்ளலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். 21 வயது நிரம்பியவர் மாவட்ட ஆட்சியரிடமும், மாநகரக் காவல் எல்லைக்குள் வசிப்பவர் காவல் ஆணையரிடமும் விண்ணப்பிக்கலாம். காவல் துறை விசாரணை நடக்கும், தேவைக்கான காரணத்தைக் காட்ட வேண்டும். கிடைத்தாலும், தேர்தல் நேரத்தில் அதிகாரிகள் கேட்டால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெறும் அலைச்சல் இருக்கிறது. மேலும், ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள் மட்டுமே வைத்திருக்கலாம் என்ற 2019-ஆம் ஆண்டின் கட்டுப்பாடும் பொருந்தும். மதிலுக்குள் குறிபார்த்துச் சுடுவதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.


பத்துமீட்டர் எழுதியது:

நான் இருபது ஆண்டுகளாக ஒரு துப்பாக்கி சுடும் சங்கத்தில் பிள்ளைகளுக்குப் பத்து மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சி கொடுத்து வருகிறேன். ஆற்றல் என்ற சொல்லை எல்லோரும் பயன்படுத்துகிறோம், ஆனால் அதை யார் அளக்கிறார்கள், எந்தப் பெல்லட்டை, அதாவது காற்றுத் துப்பாக்கியில் போடும் எந்தச் சிறு குண்டை, வைத்து அளக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு நீண்ட நாளாக இருக்கும் ஆதங்கம் இது, ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

கணக்கு எளிது. பெல்லட்டின் எடையைக் கிலோகிராமில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் ஜூல் கிடைக்கும். ஒலிம்பிக் போட்டியில் பயன்படும் பெல்லட் ஏறக்குறைய 0.53 கிராம் எடையுள்ளது. அது வினாடிக்கு 170 முதல் 175 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது, அதாவது எட்டு ஜூல் அளவில். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் வென்றதும் இந்த வகைத் துப்பாக்கியில்தான். துல்லியத்துக்கு 20 ஜூல் தேவையில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இப்போது என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். பெல்லட்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கருவி எங்கள் சங்கத்தில் இருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் ஒரு மாணவனின் தந்தை, 'வினாடிக்கு 1000 அடி' என்று பெட்டியில் அச்சிட்டிருந்த 4.5 மி.மீ. ஸ்பிரிங் துப்பாக்கி ஒன்றைக் கொண்டு வந்தார். 1000 அடி என்பது 305 மீட்டர். வழக்கமான ஈயப் பெல்லட் அந்த வேகத்தில் போனால் ஆற்றல் 24 ஜூலைத் தாண்டும், உரிமம் தேவைப்படும். ஆனால் அவர் கூடவே கொண்டு வந்த பெல்லட்டுகள் 0.35 கிராம் எடையுள்ள உலோகக் கலவையில் செய்தவை. அவற்றைச் சுட்டபோது கருவி 305 என்றுதான் காட்டியது, ஆற்றல் 16 ஜூல். எங்கள் 0.53 கிராம் ஈயப் பெல்லட்டைப் போட்டதும் வேகம் 238-க்கு இறங்கியது, ஆற்றல் 15 ஜூல். பெட்டியில் இருந்த எண் பொய்யில்லை, ஆனால் அந்த எண்ணை வைத்து அந்தத் துப்பாக்கி சட்டத்துக்கு உட்பட்டதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து நடந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. "துருப்பிடிக்காமல் இருக்க முந்தாநாள் எண்ணெய் விட்டேன், அதனால் நேற்றுச் சுட்டபோது சத்தம் கூடுதலாக இருந்தது" என்று அவர் சொன்னார். எங்கே விட்டீர்கள் என்று கேட்டேன். குழல் வழியாக, பிஸ்டன் அறைக்குள் இறங்கும்படி விட்டிருக்கிறார். அவர் கண்முன்னே காட்ட வேண்டும் என்பதற்காக, அறைச் சுவருக்குப் பின்னால் எல்லோரையும் நிறுத்திவிட்டு, அதே நிலையில் ஒருமுறை சோதித்தோம். பிஸ்டன் காற்றை அழுத்தும்போது எழும் வெப்பத்தில் எண்ணெய் பற்றிக்கொண்டது. குழல்முனையில் நீலப் புகை சுருண்டது, கருகிய வாடை வந்தது, கருவி 290 என்று காட்டியது. 22 ஜூல். நான்கைந்து முறை சுட்டு எண்ணெய் தீர்ந்த பிறகு மறுபடி 238-க்கு வந்து நின்றது. ஒரு சொட்டு எண்ணெயால் ஒரு துப்பாக்கி உரிமக் கோட்டைத் தாண்டித் திரும்பி வந்ததை நாங்கள் பார்த்தோம். அப்படிச் சுடுவது பிஸ்டன் வளையத்தையும் ஸ்பிரிங்கையும் கெடுக்கும். எனவே யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

உருளையில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்துவைக்கும் பி.சி.பி. வகையில் சிக்கல் வேறு விதமானது. ஸ்பிரிங் துப்பாக்கியில் எடை கூடினால் பெரும்பாலும் ஆற்றல் சற்றுக் குறையும், பி.சி.பி.யில் எடை கூடக் கூட ஆற்றலும் கூடும். நாங்கள் அளந்த ஒன்று, 0.53 கிராம் பெல்லட்டோடு 18.6 ஜூல் காட்டியது. ஆற்றலைக் கூட்டிக் குறைக்கும் திருகை மாற்றாமலே 0.67 கிராம் பெல்லட்டைப் போட்டபோது 20.9 ஜூல். காலையில் உரிமம் தேவையில்லாத பொருள், மாலையில் வேறு டப்பாவைத் திறந்ததும் உரிமம் தேவைப்படும் ஆயுதம்.

ஆகவே வைகைக்கரை ஐயாவின் கேள்விக்கு என் விடை இதுதான்: ஆற்றல் வரம்பு சரியான வரம்பே, ஆனால் எந்தப் பெல்லட்டால், யார், எப்போது அளப்பது என்பது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் தெளிவாகத் தெரியாதவரை அது காகிதத்தில் மட்டும் இருக்கும் வரம்பு. குழல் விட்டம் அப்படியன்று. ஒரு காவலர் கையில் கருவி எதுவும் இல்லாமல், குழலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். உங்கள் அக்கா மகன் கண்டுபிடித்ததைப் போல.


தென்னந்தோப்பு எழுதியது:

உடுமலைப் பக்கம் எட்டு ஏக்கர் தென்னையும் மக்காச்சோளமும் வைத்திருக்கிறேன். நீங்கள் எல்லோரும் குறிப்பலகை பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் காற்றுத் துப்பாக்கி வாங்குபவர்களில் பத்தில் ஒருவர்கூடக் குறிப்பலகைக்காக வாங்குவதில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும். விடியற்காலையில் மயில் கூட்டம் இறங்கினால் முளைவிட்ட சோளம் ஒரு பாத்தி முழுக்கக் காலியாகிவிடும். பன்றி புகுந்த இரவுக்கு மறுநாள் வயலைப் பார்த்தால் டிராக்டர் ஓட்டியது போல இருக்கும். சென்ற ஆண்டு இரண்டு ஏக்கர் சோளத்தில் நான் அறுத்தது பாதிகூட இல்லை. வனத்துறைக்கு மனு கொடுத்தால் இழப்பீடு வருவதற்கு மாதங்கள் ஆகின்றன, வரும் தொகை விதை வாங்கிய செலவுக்குக்கூட எட்டுவதில்லை.

20 ஜூல் என்ற வரம்பைப் பற்றி எனக்கு இருக்கும் குறை, அது விவசாயியின் தேவையை எண்ணிப் பார்க்கவே இல்லை என்பது. 40 ஜூல், 50 ஜூல் அளவில் ஒரு துப்பாக்கியை விவசாயிக்கென்று எளிய உரிமத்தில் கொடுத்தால் என்ன தவறு? கொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விரட்டினால் போதும்.


நெல்லை வழக்குரைஞர் எழுதியது:

அண்ணா, உங்கள் இழப்பு உண்மையானது, அதை யாரும் சிறுமைப்படுத்த முடியாது. என் தந்தையும் கடையநல்லூர்ப் பக்கம் மானாவாரி செய்தவர்தான். ஆனால் இரண்டு சட்டங்களை நீங்கள் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

துப்பாக்கிக்கு உரிமம் கிடைத்தாலும் மயிலின் மீது சுடும் உரிமை அதனால் வந்துவிடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் கொல்வது மட்டும் அல்ல, காயப்படுத்துவதும் அடங்கும். மயில், மிக உயர்ந்த பாதுகாப்புப் பெறும் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதற்கான தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை. காட்டுப்பன்றி, 2022-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணையில் உள்ளது. பயிருக்குக் கேடு செய்யும் இரண்டாம் அட்டவணை விலங்கைப் பற்றி முடிவெடுத்து எழுத்தில் ஆணையிடும் அதிகாரம் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கும், அவர் அதிகாரம் அளித்த அலுவலருக்கும் மட்டுமே உண்டு. எட்டு ஜூல் துப்பாக்கியால் சுட்டாலும் ஐம்பது ஜூல் துப்பாக்கியால் சுட்டாலும் வழக்கு ஒன்றுதான்.

'விரட்டினால் போதும்' என்பதை நான் நம்புகிறேன். ஆனால் வளர்ந்த பன்றியின் தோலுக்குள் பெல்லட் இறங்கினால் அது சாகாது, புண் சீழ்பிடித்து வாரக்கணக்கில் அலையும், வலியில் மனிதரைத் தாக்கவும் செய்யும். அருணாசலப் பிரதேசத்தில் 2021 மார்ச் மாதம் கிழக்கு காமெங் மாவட்டத்தின் லும்டுங் கிராமத்தில் தொடங்கிய இயக்கத்தை நினைத்துப் பாருங்கள். மக்கள் தாங்களாகவே முன்வந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காற்றுத் துப்பாக்கிகளை வனத்துறையிடம் ஒப்படைத்தார்கள். காடுகளில் பறவைச் சத்தமே குறைந்துபோனது என்ற கவலைதான் அதற்குக் காரணம். ஒரு காடு ஊமையாவதற்குப் பெரிய ஆயுதம் தேவைப்படவில்லை.


நிலாமுற்றம் எழுதியது:

நான் ஒரு கண் மருத்துவமனையில் பதினேழு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். இவ்வளவு நேரமும் பேச்சு 20 ஜூலுக்கு மேலா கீழா என்பதிலேயே சுற்றிக்கொண்டிருப்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

20 ஜூல் என்பது உரிமத்துக்கான கோடு. அதற்குக் கீழே இருப்பது பாதுகாப்பானது என்று அந்தக் கோடு எங்கேயும் சொல்லவில்லை. 4.5 மி.மீ. பெல்லட் மனிதத் தோலைத் துளைப்பதற்கு வினாடிக்கு 100 மீட்டரை ஒட்டிய வேகம் போதும். பத்துமீட்டர் ஐயா கொடுத்த கணக்கின்படி அது மூன்று ஜூலுக்கும் குறைவு. கண்ணுக்கு அதில் ஒரு சிறு பங்கே போதும்.

ஐந்தாண்டுகளுக்கு முன்பு, ஆயுதபூஜை விடுமுறையில், பதினோரு வயதுச் சிறுவன் ஒருவனை அவன் சித்தப்பா தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டு மொட்டைமாடியில் தகர டப்பாவை வைத்துச் சுட்டிருக்கிறார்கள். டப்பாவுக்குப் பின்னால் இருந்தது சிமெண்டுச் சுவர். அதில் பட்டுத் திரும்பிய பெல்லட், ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த பையனின் வலது கண்ணில் பட்டது. அவன் அழவே இல்லை. கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, "சித்தப்பாவைத் திட்டாதீங்க" என்று அவன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். கருவிழி கிழிந்து, உள்ளே இருக்கும் பழுப்பு நிறத் திரை வெளியே பிதுங்கியிருந்தது. இரண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அந்தக் கண்ணில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும் அளவுக்குப் பார்வை மிஞ்சியது. அந்தத் துப்பாக்கி 4.5 மி.மீ., உரிமம் தேவையில்லாத வகை, சட்டப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை.

வைகைக்கரை ஐயா, உங்கள் மனை கருங்கல் மதிலால் சூழப்பட்டது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் குறிப்பலகைக்குப் பின்னால் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.


கிளைடு நதிக்கரை எழுதியது:

ஸ்காட்லாந்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசித்து வருகிறேன். சொந்த ஊர் திருச்சி. இங்கே இந்த வரம்பு எப்படி மாறியது என்பதைக் கண்ணால் கண்டவன் என்பதால் எழுதுகிறேன்.

பிரிட்டனில் 1969-இல் இயற்றிய விதிகளின்படி ஏர் ரைபிளுக்கு வரம்பு 12 அடி-பவுண்டு, கைத்துப்பாக்கிக்கு 6 அடி-பவுண்டு. 12 அடி-பவுண்டு என்பது 16.3 ஜூல் அளவு, ஆகவே இந்திய வரம்பைவிடக் குறைவு. அதைத் தாண்டும் ரைபிளுக்கு வெடிமருந்துத் துப்பாக்கிக்குரிய அதே சான்றிதழ் வேண்டும். 6-ஐத் தாண்டும் கைத்துப்பாக்கியோ தடை செய்யப்பட்ட ஆயுதம். பத்துமீட்டர் ஐயா எழுப்பிய கேள்விக்கு அந்த விதியின் சொற்களிலேயே விடை இருக்கிறது. துப்பாக்கி எவ்வளவு ஆற்றலோடு சுடுகிறது என்று அவர்கள் கேட்கவில்லை, எவ்வளவு ஆற்றலோடு சுடும் திறன் உடையது என்று கேட்கிறார்கள். எந்தப் பெல்லட்டைப் போட்டாலும், ஏதாவது ஒன்றில் வரம்பைத் தாண்டினால், அந்தத் துப்பாக்கி வரம்பைத் தாண்டியதுதான். இதனாலேயே இங்கே விவரமறிந்தவர்கள் 12-ஐ ஒட்டி வைத்துக்கொள்வதில்லை. வெயில் நாளிலோ பெல்லட்டை மாற்றும்போதோ மீறிவிடக் கூடாது என்று 11-க்கும் 11.5-க்கும் இடையில் நிறுத்துகிறார்கள். இங்கிலாந்தில் விட்டத்துக்குத் தனி வரம்பு கிடையாது, 5.5 மி.மீ. துப்பாக்கி 12-க்குள் இருந்தால் உரிமம் தேவையில்லை.

ஆனால் ஸ்காட்லாந்தில் கதை வேறு. 2005-இல் கிளாஸ்கோவில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று ஏர் கன் பெல்லட் தலையில் பட்டு இறந்தது. அந்தத் துப்பாக்கி உரிமம் தேவையில்லாத வகையைச் சேர்ந்தது. அதன் பிறகு பத்தாண்டு காலம் வாதாடி, 2015-இல் தனிச் சட்டம் இயற்றினார்கள். 2016 டிசம்பர் 31 முதல், ஒரு ஜூலுக்கு மேற்பட்ட எல்லா ஏர் கன்னுக்கும் இங்கே காவல் துறையின் சான்றிதழ் தேவை. வைத்திருப்பதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எல்லை தாண்டி இங்கிலாந்திலிருந்து போட்டிக்கு வருபவருக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும்.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர், எழுபது வயதைத் தாண்டியவர், தன் தந்தை கொடுத்த பழைய ஏர் ரைபிளை அந்த ஆண்டு காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சென்றபோது நான்தான் காரோட்டிச் சென்றேன். நீல நிறப் போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். ஐம்பது ஆண்டுகளாக அதை வைத்து ஒருவருக்கும் அவர் தீங்கு செய்ததில்லை. திரும்பி வரும்போது அந்தப் போர்வையை மடித்துக் கையில் பிடித்தபடி ஒரு சொல்லும் பேசாமல் வந்தார். அந்தச் சட்டத்தை நான் ஆதரிக்கிறேன், இருந்தாலும் அதன் சுமை குற்றமற்றவர்கள் மீதும் விழுந்தது என்பதை நான் மறக்கவில்லை.

ஜெர்மனியில் உள்ள முறையும் கவனிக்கத்தக்கது. அங்கே 7.5 ஜூலுக்கு உட்பட்ட துப்பாக்கியின் உடலிலேயே ஐங்கோணத்துக்குள் ஓர் எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும். வயது வந்தவர் அதை உரிமமின்றி வாங்கலாம். வாங்குபவருக்குச் சந்தேகம் எழ இடமில்லை, 'எனக்குத் தெரியாது' என்று விற்பவர் சொல்லவும் இடமில்லை.


பத்துமீட்டர் எழுதியது:

ஐங்கோண முத்திரையைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. இந்தியாவில் இன்று வேண்டியது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. என் கைக்கு வந்த இந்தியத் துப்பாக்கிகளில் விட்டம் பொறித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், ஜூல் அளவு பொறித்திருப்பதை ஒன்றில்கூடப் பார்த்ததில்லை. தொழிற்சாலையிலேயே இலகுவான பெல்லட்டாலும் கனமான பெல்லட்டாலும் அளந்து, கூடுதலான எண்ணை உடலில் பொறித்து அனுப்பினால், வைகைக்கரை ஐயா போன்ற ஒருவர் இந்த மன உளைச்சலுக்கு ஆளாகியிருக்க மாட்டார்.

விட்ட வரம்பைப் பற்றி நான் முன்பு சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 5.5 மி.மீ. என்பது வெடிமருந்துத் துப்பாக்கியில் பயன்படும் .22 ரகத் தோட்டாவின் விட்டத்தை ஏறக்குறைய ஒத்தது. காற்றுத் துப்பாக்கி என்ற பெயரில் அந்த அளவுக் குழல்கள் கணக்கில்லாமல் புழங்குவதை எந்த அரசும் விரும்பாது, அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த அச்சத்துக்காக, 15 ஜூல் துப்பாக்கி வைத்திருப்பவரையும் வெடிமருந்துத் துப்பாக்கி வைத்திருப்பவரையும் ஒரே தண்டனைப் பிரிவின் கீழ் நிறுத்துவது பொருத்தமற்றது. 5.5 மி.மீட்டருக்குப் பதிவு மட்டும் போதும் என்றும், 20 ஜூலைத் தாண்டினால் முழு உரிமம் வேண்டும் என்றும் பிரித்தால், சட்டத்துக்கு அஞ்சுபவர்கள் பதிவு செய்ய முன்வருவார்கள். இப்போது அவர்கள் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்கள். இது என் கருத்து மட்டுமே. இன்று இருக்கும் சட்டம் இன்று இருக்கும் சட்டமே, அதை மதித்துத்தான் ஆக வேண்டும்.

நிலாமுற்றம் அம்மா, எங்கள் சங்கத்தில் கண்ணாடி அணியாமல் யாரையும் சுடும் கோட்டுக்கு அருகில் விடுவதில்லை, வேடிக்கை பார்க்க வரும் பெற்றோரையும் சேர்த்து.


வைகைக்கரை எழுதியது:

விடை எழுதிய ஒவ்வொருவருக்கும் என் நன்றி. நடந்ததைத் தெரிவிக்க வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

சென்ற செவ்வாய்க்கிழமை, வழக்குரைஞர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குச் சென்றேன். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி, பெல்லட் டப்பாவைத் தனியே ஒரு பையில் போட்டு, ரசீதின் நகலையும் நான் கைப்பட எழுதிய கடிதத்தையும் எடுத்துச் சென்றேன். வாசலில் இறங்கும்போது கால் நடுங்கியது என்பதை மறைக்கப் போவதில்லை. எழுத்தர் குழலின் விட்டத்தையும் வரிசை எண்ணையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். ஆய்வாளர் கடிதத்தை இருமுறை படித்துவிட்டு, விற்பனையாளரின் பெயரைத் தனியாகக் குறித்துக்கொண்டு, எனக்கு ஒப்புகைச் சீட்டு கொடுத்தார். விசாரணைக்குத் தேவைப்பட்டால் அழைப்பதாகச் சொன்னார், வருகிறேன் என்றேன். இதே போலத் துப்பாக்கி வாங்கிய மற்றவர்களும் இந்த மாவட்டத்தில் இருக்கக்கூடும் என்பதை அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

தென்னந்தோப்பு தம்பி தனிமடலில் எழுதியிருந்தார். தன் தோப்பைச் சுற்றிச் சூரிய மின்வேலி போடுவதற்கு மானியம் கேட்டு விண்ணப்பித்திருப்பதாகவும், பக்கத்து நிலத்துக்காரர் இருவரைச் சேர்த்துக்கொண்டதாகவும் சொன்னார். அது நல்லபடியாகக் கிடைக்க வேண்டும்.

நிலாமுற்றம் அம்மாவின் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் குறிப்பலகைக்குப் பின்னால் இருந்தது வெறும் கருங்கல் மதில். இரண்டு ஆண்டுகளாக அதை நோக்கித்தான் சுட்டுக்கொண்டிருந்தேன், பேரன் சில நாட்கள் பக்கத்தில் நின்றிருக்கிறான். உங்கள் பதிவைப் படித்த மறுநாள் மதிலோரம் சென்று பார்த்தேன். நான் நிற்கும் இடத்துக்கு மூன்றடி தள்ளி, செம்பருத்திச் செடியின் அடியில், நசுங்கித் தட்டையான பெல்லட்டுகள் ஏழு கிடந்தன. அவ்வளவு தூரம் அவை திரும்பி வந்திருக்கின்றன.

சனிக்கிழமை பத்துமீட்டர் ஐயாவின் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தேன். உரிமம் தேவையில்லாத 4.5 மி.மீ. துப்பாக்கி ஒன்றை அவர் முன்னிலையில் வாங்கினேன். கடைக்காரர் அடையாளச் சான்று பெற்றுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். கருவியில் வைத்து ஐந்து முறை சுட்டோம். 0.53 கிராம் பெல்லட்டோடு சராசரி வேகம் 210, ஆற்றல் 11.7 ஜூல். அந்த எண்ணையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி, ரசீதோடு சேர்த்துத் துப்பாக்கிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன். பெட்டிக்குப் பூட்டு வாங்கியாயிற்று. மதிலுக்கு முன்னால் நிறுத்துவதற்கு, மணல் நிரப்பி இரண்டடி கனத்தில் ஒரு மரப்பெட்டி செய்யச் சொல்லித் தச்சரிடம் அளவு கொடுத்திருக்கிறேன். அது வந்து சேரும்வரை வீட்டில் சுடுவதாக இல்லை.